கடனட்டைக் காப்புறுதியும் வீட்டில் வரும் நோயும்

அக்கரைப்பற்றில் பாத்திரக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் பேசினார். சைனாவுக்குப் போய்ச் சரக்கு எடுத்துவர டிக்கட் வாங்கப் போகிறாராம். "காக்கா, பேங்க் கார்டோட ட்ரவல் இன்சூரன்ஸ் சும்மா தாறாங்கதானே, அது போதாதா? வேறயா ஒண்டு எடுக்கணுமா?" என்று கேட்டார். ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அவருக்கு உம்மாவும் இருக்கிறார், மாமியும் இருக்கிறார். இருவரும் எழுபதைத் தாண்டியவர்கள். அன்று அரை மணி நேரம் பேசியதையும், பேச மறந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். வெளிநாடு போய்ச் சரக்கு எடுக்கும் நமது பகுதி வியாபாரிகள் பலருக்கும் இது பயன்படும்.

எனக்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். 2024 ஏப்ரலில், நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு, நானும் மச்சானும் குவாங்சூவில் நடக்கும் கன்டன் கண்காட்சிக்குப் போக ஆயத்தமானோம். 1957 முதல் நடந்துவரும் சந்தை அது. வருடத்தில் இரு தடவை, ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் கூடும். கொரோனா காலத்தில் பெரும்பாலும் இணையத்தில் நடந்து, 2023 ஏப்ரலில்தான் மீண்டும் நேரில் போகும்படி முழுமையாகத் திறந்தார்கள். எங்களுடைய வீட்டுப் பாவனைப் பொருட்கள் அதன் இரண்டாம் கட்டத்தில் வரும். அந்தத் திகதிகளைப் பார்த்து, நோன்பு தொடங்கும் முன்பே டிக்கட் எடுத்துவிட்டோம்.

மச்சான் என்பது என் தங்கச்சியின் மாப்பிள்ளை. நமது ஊர் வழமைப்படி அவர் தங்கச்சி வீட்டில்தான் குடியிருக்கிறார். வாப்பாவும் உம்மாவும் அதே வீட்டில்தான். நான் கலியாணம் முடித்த நாளிலிருந்து நாலு தெரு தள்ளி, என் பெண்சாதியின் வீட்டில். வீட்டு விபரமெல்லாம் பத்திரிகைக்கு எதற்கு என்று கேட்பீர்கள். இந்தக் கட்டுரையின் கணக்கே அந்த விபரத்தில்தான் இருக்கிறது.

பிளேன் ஏற மூன்று நாள் இருக்கும்போது, சுபஹ் தொழுகைக்குப் போன வாப்பா வுழூச் செய்யும் இடத்தில் வழுக்கி விழுந்துவிட்டார். தூக்கிக்கொண்டு ஓடியது மச்சான்தான். எனக்குச் செய்தி வந்து நான் போவதற்குள் சொந்தக்காரர்கள் கூடி, முறிவு நெரிவு வைத்தியரிடம் கொண்டுபோவோம் என்று ஒரு பக்கம் பேசிக்கொண்டிருந்தார்கள். மச்சான் யார் பேச்சையும் கேட்காமல் வைத்தியசாலைக்கு எடுத்துவிட்டார். எக்ஸ்ரேயில் இடுப்பெலும்பு முறிவு. அன்றே சத்திர சிகிச்சைக்காக வேறு வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். பயணம் இருவருக்கும் நின்றது. வாப்பாவை அந்த நிலையில் விட்டுவிட்டுப் பீங்கான் கோப்பைக்கு விலை பேசப் போக முடியுமா?

எங்கள் இருவரிடமும் இருந்தது ஒரே வங்கியின் ஒரே தர அட்டை. வருடக் கட்டணம் கொஞ்சம் கூடுதலான வகை. அவரவர் டிக்கட்டை அவரவர் அட்டையில்தான் எடுத்தோம், ஆளுக்கு 168,000 ரூபாய். இருவரும் ஒரே நாளில் விண்ணப்பித்தோம். நோயாளி ஒருவர், வைத்தியசாலை ஒன்று, கடதாசிகளும் ஒன்று. ஐந்து மாதத்துக்குப் பிறகு எனக்குப் பணம் வந்தது. மச்சானுக்கு ஒரு சதமும் வரவில்லை.

காரணம் காப்புறுதிப் பத்திரத்தின் முதல் பக்கங்களில், "குடும்ப உறுப்பினர்" என்ற சொல்லுக்குக் கொடுத்திருந்த விளக்கம். கணவன், மனைவி, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர் என்று அது முடிந்துவிட்டது. மனைவியின் வாப்பா அந்தப் பட்டியலில் இல்லை. எனக்கு அவர் வாப்பா, மச்சானுக்கு மாமா. ஒரே கூரைக்குக் கீழ் இருந்து, ஒரே சஹனில் சாப்பிட்டு, வாப்பாவைத் தோளில் தூக்கிப்போன மனிதர் அந்தப் பத்திரத்தின் கணக்கில் குடும்பத்தவர் அல்லர். நாலு தெரு தள்ளி இருக்கும் நான் குடும்பத்தவன்.

இதில் கம்பனியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எழுதியிருந்ததைத்தான் செய்தார்கள். மனைவியின் பெற்றோரையும், பாட்டன் பாட்டியையும், ஏன், வியாபாரக் கூட்டாளியையும் கூடச் சேர்த்து எழுதும் பத்திரங்களும் சந்தையில் இருக்கின்றன. ஆனால் பெண்வீட்டில் மாப்பிள்ளை குடியிருக்கும் கிழக்கு மாகாண முஸ்லிம் வீடுகளை நினைத்து யாரும் பத்திரம் எழுதுவதில்லை. பொத்துவிலிலிருந்து கல்முனை வரை எடுத்துப் பாருங்கள், நமது ஆண்களின் பயணத்தை நிறுத்துவது பெரும்பாலும் மாமா மாமியின் நோய்தான். ஆகவே அட்டைக்காரர் தரும் பத்திரத்தில் நீங்கள் தேட வேண்டிய முதல் சொல் அதுதான். எத்தனை இலட்சம் டொலர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பிறகு பார்க்கலாம்.

அந்தப் பெரிய தொகை பெரும்பாலும் விமான விபத்தில் மரணம் ஏற்பட்டால் கிடைப்பது. பயணக் காப்புறுதி என்ற ஒரே பெயருக்குள் பல பிரிவுகள் இருக்கின்றன. வெளிநாட்டில் நோய் வந்தால் வைத்தியச் செலவு ஒன்று. பெட்டி தொலைந்தால் ஒன்று. புறப்படும் முன்பே பயணத்தை நிறுத்த வேண்டி வந்தால் ஒன்று. போன இடத்திலிருந்து இடையில் திரும்ப வேண்டி வந்தால் இன்னொன்று. பல அட்டைகளில் மூன்றாவது பிரிவு இருக்கவே இருக்காது. காப்பு நீங்கள் நாட்டைவிட்டுப் புறப்பட்ட பிறகே தொடங்கும். இருக்கும் அட்டைகளிலும் எல்லா நிறுத்தத்துக்கும் பணம் கிடையாது. குறிப்பிட்ட சில காரணங்களை எழுதி, அவற்றில் ஒன்றாக இருந்தால்தான் தருவார்கள். சரக்கு விலை ஏறிவிட்டது, விசா கிடைக்கவில்லை, கூட வருபவர் பின்வாங்கிவிட்டார் என்பவை அநேகமாக அந்தப் பட்டியலில் வராது. சைனாக்காரனுக்கு அனுப்பிய நூற்றுக்கு முப்பது முற்பணம் போய்விட்டது என்றாலும் அது வியாபார நட்டம்தான். பயணக் காப்புறுதி அதைத் தொடாது.

இதற்கு நமக்கெல்லாம் தெரிந்த ஓர் உதாரணம் இருக்கிறது. 2020 பெப்ரவரி 27ஆம் திகதி சவூதி அரசாங்கம் வெளிநாட்டவரின் உம்ராவை நிறுத்தியது. பிறகு அந்த வருட ஹஜ்ஜும் அடுத்த வருட ஹஜ்ஜும் அந்நாட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் என்றாகியது. உலகம் முழுவதும் எத்தனையோ பேர் பணம் கட்டிவிட்டு நின்றார்கள். நோய் காரணமாகப் பயணம் நின்றால் தரும் காப்புறுதி அந்த இடத்தில் உதவவில்லை. ஏனென்றால் நின்றது ஓர் அரசாங்கத்தின் கட்டளையால், பயணியின் வீட்டு நோயால் அல்ல. அப்படியான வேளையில் விமானக் கம்பனியே பயணத்தை இரத்துச் செய்தால் பணத்தைத் திருப்பிக் கேட்க வேண்டியது விமானக் கம்பனியிடம். தராவிட்டால் அட்டை வழங்கிய வங்கியில் அந்தக் கொடுப்பனவை ஆட்சேபித்து எழுதலாம். அது காப்புறுதியோடு சேராத தனி வழி. இப்போது உம்ரா விசாவோடு சேர்ந்து வரும் காப்புறுதியையும் சிலர் இதற்கெல்லாம் போதும் என்று நினைக்கிறார்கள். அது சவூதி எல்லைக்குள் உங்களுக்கு நேர்வதற்கானது. புறப்படும் முன் ஊரில் உம்மா படுக்கையில் விழுந்தால் அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

இனி என்னுடைய பணம் ஏன் ஐந்து மாதம் இழுபட்டது என்பதைச் சொல்கிறேன். முதலில் எனக்கும் மறுத்துத்தான் கடிதம் வந்தது. "ஏற்கனவே இருந்த நோய்" என்று ஒரு வரி. வைத்தியசாலையிலிருந்து வெளியேறும்போது தரும் டயக்னோசிஸ் கார்டில், வாப்பாவுக்கு எட்டு வருடமாகச் சீனியும் பிரஷரும் என்று மேலேயே எழுதியிருந்தது. கிளினிக் கொப்பியின் பிரதியையும் நானே கெட்டித்தனமாக இணைத்து அனுப்பியிருந்தேன். அவர்கள் அதைப் பார்த்து, பிரஷரால் தலைசுற்றி விழுந்திருப்பார் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

இந்த "ஏற்கனவே இருந்த நோய்" என்ற நிபந்தனை பயணம் போகிறவருக்கு மட்டுமானது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. யாருடைய நோயால் பயணம் நிற்கிறதோ, ஊரில் இருக்கும் அந்த நோயாளிக்கும் அது பொருந்தும். ஐம்பது தாண்டிய எவர் வீட்டில்தான் இப்போது சீனியும் பிரஷரும் இல்லை? ஆகவே எத்தனை காலத்தைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பதைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் விற்கும் பயணக் காப்புறுதிகளில் டிக்கட் எடுப்பதற்கு முந்திய 60 நாள் முதல் 180 நாள் வரை மட்டும் பார்ப்பது வழக்கம். அந்த நாட்களுக்குள் மருந்து மாறவில்லை, நோய் கூடவில்லை என்றால் பழைய நோயைக் கணக்கெடுக்காமல் விடும் பத்திரங்களும் உண்டு. வாழ்நாளில் எப்போது வந்த நோயானாலும் சேராது என்று எழுதும் பத்திரங்களும் உண்டு. எங்களுடையது இந்தக் கடைசி வகை.

என்னைக் காப்பாற்றியது சத்திர சிகிச்சை செய்த விசேட வைத்திய நிபுணரின் அரைப் பக்கக் கடிதம். ஈரத் தரையில் வழுக்கி விழுந்ததால் ஏற்பட்ட எலும்பு முறிவு, அனுமதிக்கும்போது பிரஷர் சாதாரண அளவில் இருந்தது, இத்தனை நாள் மகன் அருகில் இருக்க வேண்டிய நிலை என்று எழுதித் தந்தார். அதை அன்றே கேட்டு வாங்கியிருந்தால் ஐந்து மாதம் ஒரு மாதமாகியிருக்கும். டயக்னோசிஸ் கார்ட் வைத்தியர் வைத்தியருக்கு எழுதுவது. காப்புறுதிக்காரர் கேட்பது வேறு: நோய் தொடங்கிய திகதி, அதன் காரணம், பயணத்தை நிறுத்த வேண்டிய அவசியம். அந்த மூன்றும் தனியாக ஒரு கடிதத்தில் வர வேண்டும். வார்டில் அனுமதித்துச் சிகிச்சை பெற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் பல பத்திரங்களில் உண்டு. வெளிநோயாளர் பிரிவில் மருந்து எடுத்துக்கொண்டு வீட்டில் படுத்தால் அது கணக்கில் சேராது. வைத்தியர் என்பதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பார்கள். மச்சான் அன்று சொந்தக்காரர்களின் பேச்சைக் கேட்டு முறிவு நெரிவு வைத்தியரிடம் போயிருந்தால், என் விண்ணப்பமும் அங்கேயே முடிந்திருக்கும்.

அடுத்தது உறவை நிரூபிப்பது. எனது பிறப்புச் சான்றிதழில் வாப்பாவின் பெயர் ஒரு விதமாகவும், அவருடைய அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும் இருந்தது. லெப்பை ஒன்றில் முன்னால், மற்றதில் பின்னால். நம்மவர்களில் பாதிப்பேருக்கு இந்தப் பிரச்சினை இருக்கும். இருவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்து, தமிழில் இருந்த சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலமாக்கி அனுப்ப மூன்று கிழமை போனது. சுனாமியில் மூலப் பத்திரங்களை இழந்தவர்கள் பிரதேச செயலகத்தில் பிரதி எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. பயணத்துக்கு மட்டுமல்ல, எல்லாவற்றுக்கும் தேவைப்படும்.

பணத்தை எப்படிக் கட்டினீர்கள் என்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அட்டையோடு வரும் காப்புறுதி, டிக்கட்டின் முழுப் பணத்தையும் அந்த அட்டையில் செலுத்தினால்தான் உயிர்பெறும். நமது வியாபாரிகள் எப்படி டிக்கட் எடுக்கிறார்கள்? கல்முனையிலோ கொழும்பிலோ பழக்கமான ஏஜென்டிடம் காசைக் கொடுத்து, மிச்சத்தைப் பிறகு தருகிறேன் என்று எடுப்பதுதான். அட்டை என்றால் நூற்றுக்கு இரண்டு மூன்று கூடக் கேட்கிறார்கள் என்பதும் ஒரு காரணம். அப்படி எடுத்த டிக்கட்டுக்கு உங்கள் பையில் இருக்கும் அட்டை எதுவும் செய்யாது. நான் டிக்கட்டை அட்டையில் எடுத்தேன், ஹோட்டலுக்கு மட்டும் 64,000 ரூபாயை ஏஜென்டிடம் கையில் கொடுத்தேன். கண்காட்சி நாட்களில் குவாங்சூவில் அறைகளின் விலை ஏறிவிடும், முன்பணமும் கேட்பார்கள். அந்த 64,000 போனது போனதுதான். சிட்டை இருந்தும் பயனில்லை.

டிக்கட் பணத்திலும் முழுவதும் வரவில்லை. பாவிக்காத டிக்கட்டுக்குரிய வரிகள் என்று 21,000 ரூபாயை விமானக் கம்பனி திருப்பித் தந்தது. மிச்சம் 147,000. அதில் முதல் 10,000 நமது பொறுப்பு என்று பத்திரத்தில் இருந்தது. ஆக 137,000 கைக்கு வந்தது. அந்த 21,000 மச்சானுக்கும் வந்தது. அது காப்புறுதியால் அல்ல, பிளேன் புறப்படும் முன்பே நாங்கள் இருவரும் டிக்கட்டை இரத்துச் செய்ததால். சொல்லாமல் விட்டுவிட்டால் "நோ ஷோ" என்று பதிந்துவிடுவார்கள், தண்டமும் விழும், திரும்பி வரும் டிக்கட்டும் சேர்ந்து செத்துவிடும். இரத்துச் செய்ய முடிந்தும் செய்யாமல் இருந்த நட்டத்தைக் காப்புறுதிக்காரர் தரமாட்டார். வைத்தியசாலை வாசலில் நிற்கும்போது இதெல்லாம் ஞாபகத்துக்கு வராது என்பது உண்மை. ஏஜென்டின் இலக்கத்தை வீட்டில் ஒரு பிள்ளையிடம் கொடுத்து வைத்திருங்கள். காப்புறுதிக் கம்பனிக்கும் இத்தனை நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்று காலக்கெடு இருக்கும். முதலில் ஒரு மின்னஞ்சல் போட்டால் போதும், கடதாசிகள் பிறகு போகலாம்.

அறுகம்பையில் அறைகள் விடும் நமது சகோதரர்களுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. சீசனில் அறை பதிந்த வெள்ளைக்காரர் சிலர், தாய்க்குச் சுகமில்லை, வர முடியவில்லை, முன்பணம் திருப்பித் தரப்படாது என்று ஒரு கடிதம் தாருங்கள் என்று கேட்பார்கள். பணம் கேட்டுச் சண்டைக்கு வருகிறார்கள் என்று நினைத்துப் பதிலே போடாமல் விடுபவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் கேட்பது உங்களிடம் பணமல்ல. அந்தக் கடிதத்தைக் காட்டித் தங்கள் அட்டைக் காப்புறுதியில் வாங்கிக்கொள்வார்கள். பதிந்த திகதி, கட்டிய தொகை, திருப்பிக் கொடுத்தது எவ்வளவு என்று நாலு வரி எழுதிக் கொடுத்தால் அடுத்த வருடம் அந்த ஆள் உங்களிடம்தான் வருவார். எழுதும் தொகை மட்டும் உண்மையாக இருக்கட்டும்.

மார்க்கத் தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. ஆனால் இந்தப் பத்திரிகையில் இதை எழுதிவிட்டு அதைத் தொடாமல் போக முடியாது. இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் சர்வதேச ஃபிக்ஹ் அகடமி 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடி, நிலையான தவணைப்பணம் வாங்கும் வணிகக் காப்புறுதியில் பெரும் கரர், அதாவது நிச்சயமற்ற தன்மை, இருப்பதால் அது ஹராம் என்றும், ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவு முறையே மாற்றுவழி என்றும் தீர்மானித்தது. அதே அகடமி 2000 செப்டம்பரில் ரியாத்தில், தாமதித்தால் வட்டி என்று நிபந்தனையிட்ட கடனட்டையை, தவணைக்குள் கட்டிவிடும் எண்ணம் இருந்தாலும் எடுப்பது கூடாது என்று தீர்மானித்தது. மாதா மாதம் முழுவதையும் கட்டிவிடுகிறோமே என்று நாம் சொல்லும் சமாதானத்துக்கு அதில் இடமில்லை. நமது நாட்டில் தொண்ணூறுகளின் இறுதியிலிருந்து தகாபுல் இருக்கிறது. பயணத்துக்குத் தனியாக எடுக்க நினைப்பவர்கள் அங்கே விசாரித்து, உங்களூர் ஆலிம்களிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். நான் அந்த அட்டையைச் சென்ற வருடம் ஒப்படைத்துவிட்டேன். வாப்பாதான் கேட்டார், "அந்தக் காசு வந்துதானே, இனி அது எதுக்கு மகன்?" என்று.

தகாபுலானாலும் மற்றதானாலும், தனியாக எடுக்கும் பத்திரத்தில் ஒரு வசதி உண்டு. ஒப்பந்தம் உங்களுக்கும் கம்பனிக்கும் இடையில். அட்டைக் காப்புறுதியில் ஒப்பந்தக்காரர் வங்கி, நீங்கள் அதன் நிழலில் நிற்பவர். வங்கி கம்பனியை மாற்றலாம், காப்பைக் குறைக்கலாம், எடுத்தும் விடலாம். அமெரிக்காவில் சிட்டி வங்கி 2019 செப்டம்பரில் தனது பெரும்பாலான அட்டைகளிலிருந்து பயண நிறுத்தக் காப்பை ஒரேயடியாக எடுத்துவிட்டது. அவ்வளவு பெரிய வங்கியே செய்யும்போது, மூன்று வருடத்துக்கு முன் உங்களுக்குத் தந்த கைநூலை நம்பிப் பிளேன் ஏற முடியாது. டிக்கட் எடுக்கும் அன்று நடைமுறையில் இருக்கும் பத்திரத்தைக் கேளுங்கள். விளம்பரத் தாள் வேறு, பத்திரம் வேறு.

மறுத்து எழுதினால் அதோடு விட்டுவிட வேண்டியதில்லை. எந்த வாசகத்தின்படி மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேட்டு, அதற்குப் பதிலாக வைத்தியரின் கடிதத்தோடு முதலில் கம்பனிக்கே முறையிட வேண்டும். அங்கே தீராவிட்டால் கொழும்பில் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார், கட்டணம் கிடையாது. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த காப்புறுதிச் சபை, 2017 முதல் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு என்ற பெயரில் இயங்குகிறது. அங்கும் முறையிடலாம். மச்சானும் இதையெல்லாம் விசாரித்துப் பார்த்தார். தெளிவாக எழுதிய ஒரு வரியை யாராலும் மாற்ற முடியாது என்று தெரிந்ததும் விட்டுவிட்டார். எனக்கு வந்த பணத்தில் பாதியை அவரிடம் கொடுத்தேன். வாங்க மறுத்தார். தங்கச்சியிடம் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டாள்.

வாப்பா இப்போது ஊன்றுகோலுடன் பள்ளிக்குப் போகிறார். வுழூவை வீட்டிலேயே எடுத்துக்கொள்கிறார். மச்சான் அடுத்த தடவை, மனைவியின் பெற்றோரையும் பெயர் சொல்லிச் சேர்த்த ஒரு பத்திரத்தைத் தனியாக எடுத்துக்கொண்டுதான் சைனா போய்வந்தார். அக்கரைப்பற்று நண்பர் இன்னும் டிக்கட் எடுக்கவில்லை. மாமியின் பெயருக்கு இடம் இருக்கிறதா என்று பார்க்க நேற்று வங்கிக் கிளைக்குப் போயிருக்கிறார். பத்திரத்தை இனித்தான் தேடி எடுக்க வேண்டும், திங்கட்கிழமை வாருங்கள் என்றார்களாம்.